ராபர்ட் ஹான்பரி பிரௌன்

ராபர்ட் ஹான்பரி பிரௌன் (ஆகஸ்ட் 31, 1916 - ஜனவரி 16, 2002) தமிழ்நாட்டில் பிறந்த பிரித்தானிய வானியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். விண்மீன்களின் விட்டத்தை அளக்கும் செறிவுக் குறுக்கீட்டுமானியை உருவாக்கியவர் இவர்.

இளமையும் பணியும்

நீலகிரியில், வெடிமருந்துத் தொழிற்சாலை அமைந்த அருவங்காட்டில் பிறந்தார். தந்தை இராணுவ அதிகாரி. சிறு வயதிலேயே கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். மின்பொறியியல் பயின்றபின் 1936 இல் ரேடார் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். 1949 இல் ஜோட்ரல் பாங்க் வானாய்வகத்திற்குச் சென்றார்.

செறிவுக் குறுக்கீட்டுமானி

எந்தத் தொலைநோக்கியிலும் பெரும்பாலான விண்மீன்கள் ஒளிப்புள்ளிகளாகவே தெரிகின்றன. வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியசின் வட்டு, 2.5 செ.மீ. நாணயத்தைச் சுமார் 860 கி.மீ. தொலைவிலிருந்து பார்ப்பதற்கு ஒப்பானது. 1920 இல் மைக்கேல்சனும் பீசும் ஒளியலைகளை இணைத்துத் திருவாதிரையின் விட்டத்தை அளந்தனர். எனினும் சிறிய விண்மீன்களுக்கு ஆடிகள் வெகுதொலைவு விலகியிருக்க வேண்டும். அப்போது ஒளிப்பாதைகளை அலைநீளத்தின் சிறு பகுதிக்குள் சமமாக வைத்திருத்தல் அரிதாயிருந்தது.

பிரௌனும் கணிதவியலாளர் ரிச்சர்ட் ட்விசும் ஒளியலைகளை இணைக்கவில்லை. இரு ஆடிகளிலும் ஒளியை மின்னோட்டமாக்கி, அவற்றின் ஏற்ற இறக்கங்களை ஒப்பிட்டனர். இதனால் ஒளிப்பாதையில் சில சென்டிமீட்டர் வேறுபாடு இருப்பினும் இடரில்லை. இதே முறையை 1952 இல் வானொலி மூலங்களுக்குப் பயன்படுத்தியோரில் இந்தியரான மிருணாள் குமார் தாஸ்குப்தாவும் ஒருவர்.

தனித்தனி ஒளித்துகள்கள் இவ்வாறு தொடர்புற்று வர இயலாது என இயற்பியலாளர் பலர் மறுத்தனர். வேறு இரு குழுவினரின் சோதனைகளிலும் விளைவு தென்படவில்லை. ஆயினும் 1956 இல் பழைய தேடுவிளக்கு ஆடிகள் இரண்டைக் கொண்டு சிரியசின் விட்டம் அளக்கப்பட்டது. அச்சோதனைகளின் கருவிகளுக்குப் போதிய நுட்பம் இல்லை என்பது பின்னர் விளங்கியது. இவ்விவாதம் குவாண்டம் ஒளியியல் வளர வழிவகுத்தது.

நராப்ரி

ஆஸ்திரேலியாவின் நராப்ரியில் 188 மீட்டர் விட்டமுள்ள வட்ட இருப்புப்பாதையில் 6.5 மீட்டர் அகலமான இரு எதிரொளிப்பான்கள் அமைக்கப்பட்டன. அங்கு 32 விண்மீன்கள் அளக்கப்பட்டன; வெப்பமிக்க விண்மீன்களின் மேற்பரப்பு வெப்பநிலையைக் கணிக்க இவை உதவின.

இம்முறைக்குப் பிரகாசமான விண்மீன்களே தேவை. அலைகளின் கட்டம் இழக்கப்படுவதால் படமும் நேரடியாகக் கிடைப்பதில்லை. ஆகவே பிரௌனின் சிட்னிக் குழு தன் முறையையே கைவிட்டு, ஒளியலைகளை இணைக்கும் முறைக்குத் திரும்பியது.

தாக்கம்

அலைகளை இணைக்கும் அகச்சிவப்புக் குறுக்கீட்டுமானிகள், கோள்கள் உருவாகும் தூசித் தட்டுகளைப் படமாக்குகின்றன. 2020 இல் சிலியில் நான்கு தொலைநோக்கிகளை இணைத்து, 15 இளம் விண்மீன்களைச் சூழ்ந்த தட்டுகளின் உள்விளிம்புகள் படமாக்கப்பட்டன. அதே ஆண்டில் அமெரிக்காவின் வெரிடாஸ் தொலைநோக்கிகள் பிரௌனின் முறையைக் கொண்டு மீண்டும் விண்மீன்களை அளந்தன.

இறுதிக் காலம்

1982 முதல் 1985 வரை, வைணு பாப்புவை அடுத்து, பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்தார். அவரது பதவிக்காலம் 1985 இல் புதுதில்லியில் நடந்த பொதுச்சபையுடன் முடிவுற்றது. 2002 இல் இங்கிலாந்தில் காலமானார்.