ஓஸ் நாட்டை விட்டுப் பிரிய இயலாதவர்

எழுத்தாளன் தன் படைப்பை விட்டுவிட எண்ணலாம். படைப்பு அவனை எளிதில் விட்டுவிடுவதில்லை. அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான லைமன் ஃபிராங்க் பாமின் வாழ்க்கை இதற்குச் சான்று. 1900ஆம் ஆண்டில் தனியொரு கதையாகத் தோன்றிய அவருடைய ஓஸ் நாட்டுக் கதை, அவர் கைப்படவே 14 நூல்களாக வளர்ந்தது. நடுவழியில் அவ்வரிசைக்கு முற்றுப்புள்ளி வைக்க அவர் முயன்றார். அதற்கு இசையாதவர்கள் குழந்தைகள். அந்த இழுபறியினூடேதான் மாயக்கதை என்னும் இலக்கிய வகை ஒரு புது வடிவத்தைக் கண்டடைந்தது.

நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிட்டனாங்கோ என்னும் சிற்றூரில் 1856 மே 15ஆம் நாள் பாம் பிறந்தார். பெற்றோரின் ஒன்பது குழந்தைகளுள் அவர் ஏழாமவர். தந்தை பெஞ்சமின், பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளால் செல்வம் சேர்த்தவர். இளமையிலேயே இதயம் நலிந்த பிள்ளையாகையால், பாமின் சிறுவயது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே புத்தகங்களோடு கழிந்தது. பன்னிரண்டு வயதில் இராணுவப் பள்ளி ஒன்றில் சேர்க்கப்பட்டார். அங்கிருந்த கடுமை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டே ஆண்டுகளில் வீடு திரும்பினார். தந்தை வாங்கித் தந்த சிறிய அச்சுப்பொறியில் தம்பியோடு சேர்ந்து வீட்டுப் பத்திரிகை ஒன்றை அச்சிட்டு மகிழ்ந்தார்.

வளர்ந்த பிறகு அவர் ஈடுபடாத துறை இல்லை எனலாம். உயர்சாதிக் கோழிகளை வளர்த்தார். 1886இல் வெளிவந்த அவருடைய முதல் நூலே ஹாம்பர்க் இனக் கோழிகளைப் பற்றியதுதான். 1882இல் நாடகம் ஒன்றை எழுதி, பாடல்களுக்கு இசையும் அமைத்து, தலைமைப் பாத்திரமும் தாமே ஏற்று ஊர் ஊராகச் சென்றார். அவ்வாண்டு நவம்பர் 9ஆம் நாள் மாட் கேஜ் என்னும் மங்கையை மணந்தார். அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தவர். மணமகளின் தாயார் மட்டில்டா ஜோஸ்லின் கேஜ், பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய தலைவர்களுள் முதல் வரிசையில் நின்றவர். படிப்பை இடையில் நிறுத்திவிட்டு நாடகக்காரர் ஒருவரை மகள் மணப்பதில் அவருக்கு முதலில் உடன்பாடு இல்லை. ஆயினும் பிற்காலத்தில் மருமகனின் எழுத்துக்கு ஊற்றுக்கண்ணாய் விளங்கியவர் அந்த மாமியாரே.

1888இல் குடும்பம் தக்கோட்டாவின் அபர்டீன் நகருக்குக் குடிபெயர்ந்தது. பாம் அங்கே பலசரக்கும் பொம்மையும் விற்கும் கடை ஒன்றைத் திறந்தார். கடைக்கு வரும் சிறுவர்களுக்குக் கதை சொல்வதிலும், வறட்சியால் நொந்திருந்த குடியானவர்களுக்குக் கடன் கொடுப்பதிலும் தாராளமாக இருந்தார். 1890இன் தொடக்கத்தில் கடை மூடப்பட்டது. அடுத்து வார இதழ் ஒன்றை ஏற்று நடத்தினார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று அதில் துணிந்து எழுதினார். அதே பேனா, 1890 டிசம்பரிலும் 1891 ஜனவரியிலும், அம்மண்ணின் பூர்வ குடிகளை முற்றாக அழித்துவிட வேண்டும் என்னும் கொடிய கருத்தைத் தலையங்கமாக எழுதியது. ஊண்டட் நீ என்னுமிடத்தில் லக்கோட்டா மக்கள் கொன்று குவிக்கப்பட்ட நாட்களில் எழுதப்பட்ட சொற்கள் அவை. பாமின் வரலாற்றைச் சொல்வோர் மறைக்கவோ மன்னிக்கவோ இயலாத கறை இது. 2006இல் அவருடைய வழித்தோன்றல்கள் அம்மக்களிடம் இதற்காக மன்னிப்புக் கோரினர்.

இதழும் நொடித்தது. 1891இல் மனைவியோடும் பிள்ளைகளோடும் பாம் சிகாகோ வந்து சேர்ந்தார். சில காலம் செய்தியாளராகவும், பின்னர்ப் பீங்கான், கண்ணாடிப் பொருள்களைக் கடை கடையாக விற்கும் பயணப் பிரதிநிதியாகவும் பாடுபட்டார். 1892இல் கணவனும் மனைவியும் பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்தனர். சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட அச்சங்கத்தின் சிகாகோக் கிளை, 'இராமாயணம்' என்னும் பெயரையே தாங்கியிருந்தது. கண்ணுக்குப் புலப்படும் உலகுக்கு அப்பாலும் உலகங்கள் உண்டு என்னும் சிந்தனை அவருக்கு அந்நியமாக இருக்கவில்லை.

பயணம் முடிந்து வீடு திரும்பும் நாட்களில் தம் நான்கு ஆண் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்துச் சிறுவர்களையும் கூட்டி வைத்துக் கதை சொல்வது அவர் வழக்கம். அவற்றை எழுதி வெளியிடுமாறு தூண்டியவர் மட்டில்டா. 1897இல் முதல் சிறுவர் கதை நூல் வெளிவந்தது. 1899இல் ஓவியர் டென்ஸ்லோவோடு இணைந்து வெளியிட்ட பாட்டு நூல் பெரும் விற்பனை கண்டது. அவ்வாண்டு அக்டோபர் 9ஆம் நாள், மற்றொரு கதையின் கைப்படியை எழுதி முடித்த பாம், எழுதித் தேய்ந்த பென்சில் துண்டைச் சட்டமிட்டு மாட்டி வைத்தார். அக்கதையே 1900இல் வெளிவந்த 'ஓஸ் நாட்டின் விந்தை மந்திரவாதி'. அதனைக் காண மட்டில்டா உயிரோடு இல்லை, 1898இல் காலமாகிவிட்டார்.

கான்சாஸ் மாநிலத்துக் குடியானவச் சிறுமி டோரதியைச் சூறாவளி ஒன்று வீட்டோடு தூக்கிச் சென்று ஓஸ் நாட்டில் இறக்கிவிடுகிறது. மூளை வேண்டும் சோளக்கொல்லைப் பொம்மையும், இதயம் வேண்டும் தகர மரவெட்டியும், துணிவு வேண்டும் கோழைச் சிங்கமும் அவளுக்குத் துணையாகின்றனர். அவர்கள் நாடிச் செல்லும் மாபெரும் மந்திரவாதியோ வெறும் வித்தைக்காரன். தேடிய பொருள் தேடியவரிடமே இருந்தது என்பதே கதையின் கரு.

இதில் புதுமை யாது? அதுவரை மாயக்கதை என்றால் அரண்மனைகளும் இளவரசர்களும் நிறைந்த ஐரோப்பியப் பழங்கதையே. அச்சமூட்டி அறம் புகட்டுவது அதன் போக்கு. பாம், அச்சத்தைக் குறைத்து மகிழ்ச்சியைத் தருவதே தம் நோக்கம் என முன்னுரையில் வெளிப்படையாகவே கூறினார். வறண்ட நிலத்தையும் சோளக்கொல்லையையும் தகரத்தையும் கொண்டே மாயத்தைக் கட்டினார். லூயிஸ் கரோலின் ஆலிஸ் கண்டது கனவு, விழித்ததும் கலைந்துவிட்டது. பாமின் டோரதி கண்டதோ உண்மையான நாடு. 1939இல் வந்த திரைப்படம் அதனையும் கனவாக்கிவிட்டது. நூலில் அது கனவன்று. உண்மையான நாடு என்றால் மீண்டும் அங்கே போகலாம் அல்லவா? வரிசைக்கான வித்து அங்கேதான் இருந்தது.

அவ்வித்துக்கு நீர் வார்த்தவர்கள் குழந்தைகள். பொம்மையும் மரவெட்டியும் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டு அவர்கள் மடல்மேல் மடல் எழுதினர். 1904இல் இரண்டாம் நூல் வந்தது. அதில் டிப் என்னும் சிறுவனே மந்திரத்தால் உருமாற்றப்பட்ட இளவரசி ஓஸ்மா என்பது முடிவில் வெளிப்படுகிறது. நாட்டை ஆளும் உரிமை ஒரு பெண்ணிடம் சேர்கிறது. மட்டில்டாவின் நிழலை அங்கே காணலாம். டோரதி எங்கே என்று குழந்தைகள் கேட்டனர். 1907இல் அவள் திரும்பி வந்தாள். மந்திரவாதி எங்கே என்றனர். 1908இல் அவனும் வந்தான். 1907ஆம் ஆண்டு நூலில் சாவி கொடுத்தால் இயங்கும் டிக்-டாக் என்னும் எந்திர மனிதனைப் பாம் படைத்தார். ரோபோ என்னும் சொல் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முற்பட்ட படைப்பு அது.

வரிசை செழித்தது, ஆசிரியரின் கையிருப்போ கரைந்தது. 1908இல் திரைப்படச் சுருள், வண்ணப் படவில்லைகள், இசைக்குழு ஆகியவற்றோடு, வெண்ணிற உடையில் தாமே மேடையேறிக் கதை சொல்லும் காட்சி ஒன்றை நகரங்கள்தோறும் நடத்தினார். மக்கள் திரண்டும் செலவு வரவை விழுங்கியது. கடன் கழுத்தை நெரித்தது. வேறு கதைகள் எழுதவும் அவருக்கு வேட்கை இருந்தது. எனவே 1910இல் ஆறாம் நூலாகிய 'ஓஸின் மரகத நகரம்' வழியாக விடைபெற எண்ணினார். அந்நூலில், அடமானக் கடனைத் தீர்க்க வழியின்றி நிலத்தை இழக்கும் ஹென்றி மாமாவும் எம் அத்தையும் டோரதியோடு ஓஸ் நாட்டிலேயே குடியேறுகின்றனர். அங்கே பணம் இல்லை, கடனும் இல்லை. பிறகு அந்நாடு வெளியுலகின் கண்ணுக்குத் தெரியாதவாறு மறைக்கப்படுகிறது. இனிச் செய்தி எதுவும் வாராது என்று கதை முடிகிறது. கடனாளியான மனிதர் தம் பாத்திரங்களுக்குத் தந்த விடுதலை அது. தமக்கு அத்தகைய நாடு வாய்க்கவில்லை. மறு ஆண்டே நொடித்துப் போனவராக அறிவிக்கப்பட்டார். முதல் நூலின் வருவாயும் அவர் கையை விட்டுப் போயிற்று.

கடலடி உலகையும் வானத்துத் தீவையும் பற்றி 1911இலும் 1912இலும் அவர் எழுதிய நூல்கள் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. குழந்தைகள் ஓஸ் நாட்டையே கேட்டனர். மறைந்துபோன நாட்டோடு கம்பியில்லாத் தந்தி மூலம் தொடர்பு கொள்ளலாமே என்று யோசனை கூறியது ஒரு குழந்தை. பாம் அதனை ஏற்றார். 1913இல் ஓஸ் மீண்டும் திறந்தது.

இம்முறை நாடு மேலும் உறுதி பெற்றது. 1914ஆம் ஆண்டு நூலில் ஓஸ் நாட்டின் வரைபடம் முதன்முதலாக அச்சாயிற்று. ஓஸ் நாட்டில் எல்லா விலங்குகளும் பேசும்போது டோரதியின் நாய் டோட்டோ மட்டும் ஏன் பேசவில்லை என்று குழந்தைகள் வினவியிருந்தனர். அதே நூலில், பேச முடிந்தும் பேசாதிருந்தது அதன் விருப்பம் என விடை வந்தது. சிறிய செய்திதான். ஆனால், கற்பனை நாட்டுக்கும் நிலவியல் உண்டு, விதிகள் உண்டு, அவ்விதிகளை ஆசிரியரும் மீறலாகாது என்னும் கொள்கை அங்கே நிலைபெறுகிறது. பிற்கால மாயக்கதை வரிசைகள் நடக்கும் பாதை அதுவே.

கடைசி ஆண்டுகளை ஹாலிவுட்டில், 'ஓஸ்காட்' எனப் பெயரிட்ட இல்லத்தில், டாலியாவும் சாமந்தியும் வளர்த்துக் கழித்தார். 1918இல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுக்கையில் கிடந்தவாறே எழுதினார். 1919 மே 6ஆம் நாள், 63 வயது நிறைய ஒன்பது நாட்களே இருந்தபோது, பாம் காலமானார். இரு கைப்படிகள் ஆயத்தமாக இருந்தன. இறுதி நூல் 1920இல் வெளிவந்தது.

அதன்பின்னும் வரிசை நிற்கவில்லை. ரூத் பிளம்லி தாம்சன் 1921 முதல் 19 நூல்கள் எழுதினார். உருசியாவில் அலெக்சாண்டர் வோல்கோவ் 1939இல் தம் மொழிக்கேற்ப அதனை மாற்றி எழுதினார். 1957இல் டெட்ராயிட் நூலகத் தலைவர், இந்நூல்களில் பயன் ஏதும் இல்லையென்று ஒதுக்கினார். அதே ஆண்டில் ஓஸ் வாசகர்கள் தமக்கெனச் சங்கம் ஒன்றை நிறுவினர். 1956இல் முதல் நூல் பொதுவுடைமையாகிவிட்டமையால், தீய சூனியக்காரியின் பக்கம் நின்று கதை சொல்லும் 'விக்கெட்' என்னும் நாவல் 1995இல் பிறந்தது. அது 2003இல் நாடகமாகவும் 2024இல் திரைப்படமாகவும் வளர்ந்தது.

கடையிலும் இதழிலும் மேடையிலும் தோற்றவர் பாம். பூர்வ குடிகளைப் பற்றி அவர் எழுதியவை, இரக்கம் அவரைக் கைவிட்ட தருணங்களாக என்றும் நிற்கும். ஆயினும் ஒன்றை அவர் முழுமையாகச் செய்தார்: குழந்தைகள் எழுதிய மடல்களைப் படித்தார், அவர்கள் சொன்னதைக் கேட்டார். தாம் மூடிய கதவை அவர்களுக்காகத் தாமே திறந்துவிட்டார். அக்கதவு இன்றும் மூடப்படவில்லை.