வசனநடை பயிற்றிய நாவலர் பெருமான்

கற்ற பொருளைக் கோவைபட எழுதி உணர்த்தும் வன்மை இல்லாதவழி, கல்வி கற்றவனோடே ஒழியும். இதனை நன்குணர்ந்து மாணாக்கர்க்கு வசனநெறி வகுத்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான். அவர் சரித்திரத்துள் இப்பகுதியை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

நாவலர் 1822-ம் வருஷம் டிசம்பர் மாதம் 18-ந் தேதி யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புத்திரராய்த் தோன்றினார். சரவணமுத்துப் புலவர், சேனாதிராய முதலியார் என்பாரிடத்துத் தமிழ் கற்றார். உவெஸ்லியன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, அங்கே ஆசிரியராயும் அமர்ந்து, பைபிளைத் தமிழிற் பெயர்க்கும் பணியிற் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணை புரிந்தார். பாதிரிமார் பிள்ளைகளுக்கு எளிய வசனநூல்கள் அச்சில் இருந்தன. திண்ணைப் பள்ளியிற் பயின்ற சைவப் பிள்ளைகளுக்கோ மனனஞ் செய்த செய்யுள்களே இருந்தன. தம் சமயப்பொருளைத் தாமே எடுத்தெழுத மாட்டாதவர் பிறர் மறுப்புக்கு விடை கூறுவது யாங்ஙனம்?

இக்குறை தீர்ப்பான் எண்ணி, 1848-ல் அவ்வேலையை விடுத்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். மறுவருஷம் அச்சியந்திரம் வாங்கச் சென்னை செல்லும் வழியில், திருவாவடுதுறை ஆதீனம் அவர்க்கு நாவலர் என்னும் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. பின்னர் வித்தியாநுபாலன யந்திரசாலையிலிருந்து பாலபாடங்கள் வெளிவந்தன.

அவர் நூல்களை நோக்குவார்க்கு அவர் கொண்ட முறை இனிது புலனாம். முதலில் எழுத்தும் சொல்லும் சிறு வாக்கியமும், பின்னர் நீதிப்பொருள், நான்காம் பாலபாடத்திலே கடவுள், ஆன்மா, கொலை, களவு, செய்ந்நன்றியறிதல் முதலிய பொருள்கள்மேல் முழுக் கட்டுரைகள். மாணாக்கன் படிப்பது அவன் எழுதுதற்கு மாதிரியும் ஆயிற்று. இலக்கணச் சுருக்கம் சூத்திரங்களை வசனமாக்கிக் கூறி, இடையிடையே தேர்வு வினாக்கள் தந்து, இறுதியில் வாக்கியத்தை உறுப்புறுப்பாய்ப் பிரித்து இலக்கணங் கூறவும் பயிற்றுகின்றது. பொருள் மயங்காவண்ணம் அருஞ்சந்திகளை விடுத்தும் தரிப்புக் குறிகளை இட்டும் எழுதும் வழக்கத்தை அவர் பரப்பினார்.

1852-ல் வெளிவந்த பெரியபுராண வசனம் இம்முறைக்குச் சிறந்த இலக்கியம். ஆசிரியர் ஒரு திருவிருத்தத்தை மாணாக்கனைக்கொண்டு வசனமாக எழுதுவித்து, அதனை நாவலர் வசனத்தோடு ஒப்பிடச் செய்வாராயின், விட்ட பொருள் இது, மிகுத்த சொல் இது என அவன் தானே காண்பன்.

வசனம் பயிலின் செய்யுட்பயிற்சி குன்றும் என்பாரும் உளர். அது பொருந்தாது. திருக்குறள் பரிமேலழகருரையைப் பரிசோதித்து அச்சிட்டவரும், நன்னூலுக்குக் காண்டிகையுரை செய்தவரும் நாவலரே. செய்யுளை ஆழக் கற்றமையாலன்றோ அவர் வசனம் தெளிந்தது!

1864-ல் சிதம்பரத்தும் வித்தியாசாலை தாபித்த அப்பெருந்தகை 1879-ல் சிவபதம் எய்தினார். வினாவுக்குரிய விடையை மனனஞ் செய்து ஒப்பிக்கும் மாணாக்கர் இன்றும் பலராவர். ஒரு பொருளைத் தாமே நிறுத்த முறையாற் பத்து வாக்கியங்களில் எழுதவல்லார் சிலரே. மடங்களின் சார்பில் நடைபெறும் பாடசாலைகளில் ஆசிரியர்கள் வாரத்துக்கு ஒருமுறையேனும் மாணாக்கரை எழுதுவித்து, பிழையை அவர் முன்னரே திருத்திக் காட்டுவாராக. நாவலர் பெருமானுக்கு நாம் செலுத்தும் கைம்மாறு அதுவேயாம்.