ஸர் வில்லியம் பெட்டியும் அயர்லாந்தின் படமும்

ஒரு தேசத்தை ஜயிக்கப் பீரங்கி வேண்டும். ஜயித்ததைப் பங்கு போட்டுக் கொள்ளப் படம் வேண்டும். அயர்லாந்துக்கு அந்தப் படத்தை வரைந்தவர் ஸர் வில்லியம் பெட்டி. பொருளாதார சாஸ்திரத்தின் மூல புருஷர்களில் ஒருவரென்று மேனாட்டார் அவரைக் கொண்டாடுகின்றனர். ஐரிஷ் ஜனங்கள் அவரை நினைவு வைத்திருப்பது வேறு காரணத்தினால்.

1623-ல் இங்கிலாந்தின் ராம்ஸி என்னும் ஊரில் துணி வியாபாரியின் மகனாகப் பிறந்த பெட்டி, சிறு வயதில் கப்பல் வேலைக்குச் சென்று, கால் ஒடிந்து, பிரான்ஸ் கரையில் விடப்பட்டவர். அங்கே ஜெசூட் பாதிரிகளிடம் கல்வி கற்றார். ஹாலந்தில் வைத்தியம் பயின்றார். பின் ஆக்ஸ்போர்டில் சரீர சாஸ்திரப் பேராசிரியரானார். 1650-ல் தூக்கிலிடப்பட்டுப் பிரேதப் பரிசோதனைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு உயிரிருப்பதைக் கண்டு பிழைக்க வைத்தவர்களில் அவரும் ஒருவர். அவ்வளவு கைராசியுள்ள வைத்தியர்தாம் 1652-ல் கிராம்வெல்லின் சேனையோடு அயர்லாந்து போய்ச் சேர்ந்தார்.

அப்பொழுது அயர்லாந்தின் நிலைமை யாது? 1641-ல் எழுந்த கிளர்ச்சியை அடக்க இங்கிலாந்துப் பார்லிமெண்டு கடன் வாங்கிற்று. கடனுக்கு ஈடு, இனிமேல் பறிக்கப் போகும் ஐரிஷ் நிலம்! சிப்பாய்களின் சம்பள பாக்கிக்கும் நிலமே வாக்களிக்கப்பட்டது. ஆனால் எந்த நிலம், எவ்வளவு ஏக்கர் என்று ஒருவருக்கும் தெரியாது. அதற்குமுன் நடந்த அளவையோ பிழை மலிந்தது. பெட்டி முன்வந்து, 13 மாதங்களில் முடித்துத் தருவதாக 1654-ல் ஒப்பந்தம் செய்துகொண்டார்.

அவர் கையாண்ட முறை நூதனமானது. கருவி செய்வோர் கருவி செய்தனர். வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாத சிப்பாய்கள் சங்கிலி பிடித்தனர். டப்ளினில் இருந்தோர் கணக்கிட்டுப் படம் வரைந்தனர். ஏறக்குறைய ஆயிரம் பேர் உழைத்தனர். எல்லையைக் காட்ட உள்ளூர்க்காரரே அமர்த்தப்பட்டனர். தம் அயலார் இழக்கப் போகும் வயலின் வரப்பைத் தாமே நடந்து காட்டிய அம்மனிதரின் மனம் எப்படியிருந்திருக்கும்! அளவைக்காரர் சிலரைக் கிளர்ச்சிக்காரர் கொன்றதும் உண்டு.

உழுநிலம், புல்வெளி, சதுப்பு, மலை எல்லாம் படத்தில் ஏறின. பழைய உடையவனின் பெயரும் மதமும் பட்டியலில் ஏறின. புராடெஸ்டண்டு நிலம் பெரும்பாலும் வெற்றிடமாக விடப்பட்டது. அது பறிமுதலுக்கு உரியதன்று அல்லவா? 1641-ல் தேசத்தின் நிலத்தில் பாதிக்கு மேல் கத்தோலிக்கரிடம் இருந்தது. 1688-ல் நாலில் ஒரு பங்கு கூட இல்லை.

பெட்டி தம்மை மறந்தவரல்லர். சிப்பாய்கள் மலிவாக விற்ற நிலப் பத்திரங்களை வாங்கிக் கெர்ரி ஜில்லாவில் பெரும் பண்ணைக்கு அதிபதியானார். 1659-ல் பார்லிமெண்டிலேயே அவர் மீது ஊழல் குற்றம் சாட்டப்பட்டது. அச்சபை கலைந்து போனதால் விசாரணை நின்றது. கிராம்வெல் ஆட்சி ஒழிந்து மன்னர் திரும்பிய பின்னும் அவருக்குக் குறைவில்லை: 1661-ல் ஸர் பட்டம், ராயல் ஸொஸைட்டியின் ஸ்தாபகர்களுள் ஒருவரென்ற கீர்த்தி. மன்னர் மாறினும் படம் மாறவில்லை. நில வழக்குகளில் அதுவே சாக்ஷியாயிற்று. 1685-ல் அயர்லாந்துப் படத்தொகுதியை அச்சிட்டு, 1687-ல் லண்டனில் காலமானார்.

படங்களில் ஒரு பகுதி 1707-ல் கடலில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கிப் பாரிஸ் புஸ்தகசாலை சேர்ந்தது. டப்ளினில் இருந்தவற்றில் பல 1711-ல் தீக்கிரையாயின. பண்ணை மட்டும் நிலைத்தது. 1888 முதல் 1894 வரை இந்தியாவில் வைஸிராயாக இருந்த லான்ஸ்டவுன் பிரபு, பெட்டியின் மகள் வழி வந்தவர். அந்தக் கெர்ரி நிலங்களின் வாரம் அப்பொழுதும் அவருக்கே போய்க்கொண்டிருந்தது.