ஊரா, நாடா? – தளபதி ஷாநவாஸ் கான்

இந்திய விடுதலைப் போரில் முஸ்லிம்கள் ஆற்றிய பங்கினை எண்ணும்போது மறக்கலாகாத பெயர்களுள் ஒன்று ஷாநவாஸ் கான். படைத்தலைவராகத் தொடங்கி மக்கள் பிரதிநிதியாக உயர்ந்த அவர், தம் வாழ்வில் இருமுறை கடினமான தேர்வுக்கு உள்ளானார்.

இன்று பாகிஸ்தானில் அமைந்துள்ள இராவல்பிண்டி மாவட்டத்து மட்டோர் என்னும் சிற்றூரில் 1914 ஜனவரி 24 ஆம் நாள் பிறந்தார். நிலமும் படைப்பணியும் வழிவழியாக வந்த குடும்பம் அவருடையது. தேராதூன் இராணுவக் கல்லூரியில் பயின்று, ஆங்கிலேயரின் இந்தியப் படையில் அதிகாரியானார்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அவர் ஜப்பானியரின் போர்க்கைதியானார். அங்கு உருவான இந்திய தேசிய இராணுவத்தில் சேர அவர் முதலில் இசையவில்லை. மன்னருக்கு அளித்த உறுதிமொழி தடுத்தது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின் அவர் உள்ளம் மாறிற்று. மன்னரினும் நாடே பெரிதெனத் தெளிந்தார். இது முதல் தேர்வு.

மலேயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலரும் இணைந்த அப்படையில், சுபாஷ் படைப்பிரிவுக்குத் தலைமையேற்றார். 1944 இல் பர்மாவின் சின் மலைகளில் அப்பிரிவினரைப் பசியும் மலேரியாவும் அடைமழையும் வாட்டின. 1945 மே மாதம் பெகு அருகே அவர் பிடிபட்டார்.

அவ்வாண்டு நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் ஷாநவாஸ், சைகல், தில்லான் ஆகிய மூவர்மீதும் வழக்குத் தொடுக்கப்பட்டது. ஒரு முஸ்லிம், ஓர் இந்து, ஒரு சீக்கியர் ஒன்றாகக் குற்றக்கூண்டில் நின்ற காட்சி நாட்டையே உலுக்கியது. புலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடினார். ஆயுள் முழுதும் நாடு கடத்தும் தண்டனை விதிக்கப்பட்டது. மக்களின் கொந்தளிப்பைக் கண்ட அரசு 1946 ஜனவரியில் அதனை விலக்கிற்று.

மறு ஆண்டில் நாடு பிளவுண்டது. பிறந்த ஊரும் முன்னோர் நிலமும் எல்லைக்கு அப்பால் நின்றன. ஷாநவாஸ் இந்தியாவையே தம் நாடாகக் கொண்டார். இது இரண்டாம் தேர்வு.

மீரட் தொகுதி மக்கள் 1952, 1957, 1962, 1971 ஆகிய தேர்தல்களில் அவரை மக்களவைக்கு அனுப்பினர். 1967 இல் தோல்வியும் கண்டார். இரயில்வேத் துறையின் துணை அமைச்சராகப் பணியாற்றினார். 1956 இல் நேதாஜியின் மறைவை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை ஏற்று, தம் தலைவர் விமான விபத்தில் இறந்தார் என்னும் கசப்பான முடிவைப் பெரும்பான்மைக் கருத்தாக அளித்தார். 1983 இல் மறைந்தார்.

காக்களூர்ப் பகுதியிலிருந்து மின்தொடர்வண்டியில் கல்லூரிக்கு வரும் நம் மாணவர்கள் ஏறும் பெட்டிகள் பெரம்பூர்த் தொழிற்சாலையில் உருவாகின்றன. அது 1955 இல் திறக்கப்பட்டபோது அத்துறையில் பொறுப்பு வகித்தவர்களுள் ஷாநவாஸும் ஒருவர். நாட்டுப்பற்று என்பது மேடைப் பேச்சன்று; இழப்பை ஏற்றுக்கொண்டு உழைப்பது என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.