அண்ணலின் படமும் ஏ. கே. செட்டியாரும்

செட்டிநாட்டிலே காரைக்குடிக்கு அணித்தாக அமைந்த ஊர் கோட்டையூர். அவ்வூரில் 1911ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் நகரத்தார் குடியில் தோன்றியவர் கருப்பன் செட்டியார். ஏ. கே. செட்டியார் எனத் தமிழுலகம் அறிந்த பெரியார் இவரே. கடல் கடந்து பொருளீட்டுதல் இவர்தம் குலத்தார்க்கு வழிவழி வந்த தொழில். இவரும் கடல் கடந்தார். ஆயின் இவர் தேடிக் கொணர்ந்த பொருள் வேறு.

இளமையிலேயே எழுத்தில் நாட்டங்கொண்ட இவர், பர்மாவின் இரங்கூன் நகரிலிருந்து வெளிவந்த 'தனவணிகன்' இதழுக்கு ஆசிரியராய் அமர்ந்தார். பின்னர் நிழற்படக் கலையைப் பயில விரும்பி ஜப்பானின் தோக்கியோ நகருக்கும், அதன்பின் அமெரிக்காவின் நியூயார்க் நகருக்கும் சென்றார். உறவினர் வீட்டு இளைஞர் வட்டிக்கடைக் கணக்கு எழுதப் பழகும் வயதில் இவர் இருட்டறையில் படங்கழுவப் பழகினார் எனலாம்.

1937ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளின் நோக்கிச் செல்லும் கப்பலிலே இருந்தார் செட்டியார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். அண்ணலின் வாழ்க்கையைப் படமாக்கினால் என்ன என்னும் எண்ணம் அந்நாளில் அவருள்ளத்தே முளைத்தது. நடிகரை வேடம் புனையச் செய்து எடுக்கும் படமன்று அவர் எண்ணியது. நிகழ்ச்சிகள் நடந்த காலத்திலேயே, நடந்த இடத்திலேயே பிடிக்கப்பெற்ற உண்மைப் படங்களைத் திரட்டி, இடையிடையே புதியன எடுத்துச் சேர்த்து, ஒரு நாட்டின் விடுதலைப் போரைக் கண்முன் நிறுத்த வேண்டும் என்பது அவர் கருத்து. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதும் நிரம்பவில்லை.

இம்முயற்சியின் அருமையை இக்காலத்தார் உணர்வது எளிதன்று. இந்தியாவை ஆண்டவர் ஆங்கிலேயர். அவ்வாட்சியை எதிர்த்து நின்றவரைப் பற்றிய படச்சுருள்களோ, ஆங்கிலேயர் நாட்டுச் செய்திப்பட நிறுவனங்களின் கிடங்குகளிலும் பலவாகக் கிடந்தன. எது எவரிடம் உள்ளது என்பதற்குப் பட்டியல் இல்லை. காந்தியடிகளுக்கோ திரைப்படத்தில் விருப்பமே கிடையாது. படம் பிடிப்பவர்க்காக நின்று காட்டும் வழக்கமும் அவரிடம் இல்லை.

செட்டியார் சோர்ந்தாரல்லர். நான்கு கண்டங்களில் ஏறக்குறைய 1,00,000 மைல் பயணஞ் செய்தார். இலண்டன் மாநகரில் செய்திப்பட நிறுவனங்களின் வாயில்களில் ஏறி இறங்கினார். தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று அண்ணலின் அறப்போர் தொடங்கிய இடங்களைக் கண்டார். கோகலே 1912இல் அந்நாட்டுக்கு வந்தபோது எடுக்கப்பெற்ற பழம்படமும் அவர் கைக்கு வந்தது. பிரெஞ்சு அறிஞர் ரொமேன் ரோலந்தைக் கண்டு படமெடுத்தார். முப்பதாண்டுக் காலத்தில் நூற்றுவர் அளவினரான ஒளிப்பதிவாளர் எடுத்த படங்கள் இவ்வாறு ஒருவர் கையிற் சேர்ந்தன. திரண்ட சுருளின் நீளம் 50,000 அடி. ஓலைச்சுவடி தேடி ஊரூராய் நடந்த உ. வே. சாமிநாத ஐயரின் உழைப்பே ஈண்டு நினைவுக்கு வருகின்றது. சுவடிக்குப் பகை செல்லும் நெருப்புமாயின், அக்காலத்துப் படச்சுருளுக்குப் பகை அதன் உடம்பிலேயே இருந்தது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டுப் பொருளால் ஆகிய அச்சுருள், நாளடைவில் தானே உருகிப் பொடியாகிவிடும் இயல்பினது.

தேடுதலினும் தொகுத்தல் அரிது. ஊமைப்படக் காலத்துச் சுருள்கள் நொடிக்கு 16 படங்கள் என்னும் அளவை ஒட்டி எடுக்கப்பெற்றவை. பேசும் படமோ நொடிக்கு 24 படங்களாக ஓடுவது. பழஞ்சுருளை அவ்வாறே ஓட்டினால் தலைவர்கள் பொம்மைகள்போல் துள்ளியோடுவர், காண்போர் நகைப்பர். நாட்டுக்கு உழைத்த பெரியோரை நகைப்புக்கு இடமாக்குதல் தகுமோ? இதற்கெல்லாம் வகைசெய்து, கிடைத்ததில் நான்கில் ஒரு பங்கினும் குறைவாக, 12,000 அடி அளவில் தமிழ்ப்படம் உருப்பெற்றது. டி. கே. பட்டம்மாளின் பாட்டும் அதில் இடம்பெற்றது.

1940ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் சென்னை ராக்சி திரையரங்கில் படம் வெளியாயிற்று. அண்ணலை நேரிற் காணும் பேறு பெறாத எளிய மக்கள், அவர் நடையையும் நகையையும் திரையிற் கண்டனர். தெலுங்கு மொழியிலும் படம் வெளிவந்தது. ஆயின் உலகப்போர் மூண்டிருந்த காலம் அது. அரசினர் பறிமுதல் செய்வரோ என்னும் அச்சம் சூழ, பல்லாயிரம் மைல் திரிந்து தேடிய பொருளை மறைத்து வைக்கும் நிலை வந்தது. நாடு விடுதலை பெற்ற 1947இல் தில்லியிலே படம் மீண்டும் திரைகண்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் உருவாயிற்று.

செட்டியார் தாம் செய்ததைத் தாமே புகழ்ந்து பேசும் இயல்பினர் அல்லர். 'குமரி மலர்' என்னும் இதழை 1943இல் தொடங்கி நெடுங்காலம் நடத்தினார். 'உலகம் சுற்றும் தமிழன்' முதலிய பயண நூல்களை எளிய, சிறிய தொடர்களால் எழுதினார். 1983ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10ஆம் நாள் அவர் மறைந்தார். அதற்குள்ளாகவே அவருடைய படத்தின் சுருள்கள் இருந்த இடம் தெரியாது போயின. அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கிலப் படத்தின் சுருங்கிய வடிவம் இருத்தலைக் கண்டறிந்தார். 1940இல் ராக்சி அரங்கில் மக்கள் கண்ட தமிழ்ப்படம் அப்போதும் அகப்படவில்லை.