மூச்சு வாங்குவது ஏன் என்று தேடியவர்

நூற்றாண்டு மலருக்கு எதையாவது எழுதித் தருமாறு சங்கத்தின் இளைய சகோதரிகள் கேட்டிருந்தார்கள். எம்மை ஆளாக்கிய அதிபர்களையும் ஆசிரியைகளையும் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானோர் பலர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது கலகெதரவைக் கண்டே இராத ஒருவரைப் பற்றி. உயர்தர மாணவிகளுக்கு உயிரியல் கற்பித்த காலத்தில் அவருடைய பெயர் எனக்கு அறிமுகமாயிற்று. அவரை ஏன் மறக்க முடியவில்லை என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன்.

குருநாகல் பக்கமிருந்து கண்டிக்கு ஏறும் வழியில் இருப்பது நமது ஊர். இங்கே பிறந்தவர்களுக்கு ஏற்றம் புதிதல்ல. புத்தகப் பையைச் சுமந்துகொண்டு மணி அடிப்பதற்குள் மேலே போய்ச் சேர வேண்டும் என்று ஓடி, பாதி வழியில் இடுப்பில் கை வைத்து நின்றவர்கள்தான் நாமெல்லோரும். இன்று கொழும்பிலும் டுபாயிலும் லண்டனிலும் டொரொண்டோவிலும் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் அந்த மூச்சு வாங்கல் நினைவிருக்கும். அந்த நேரத்தில் நம்மை நிற்கச் செய்தது எது? கால் வலியா, மனமா, நெஞ்சா? இக்கேள்வியின் ஒரு பகுதிக்குத் தன் வாழ்நாளைக் கொடுத்தவர் வைத்தியர் அவ்தார் சிங் பெயின்டால்.

அவர் 1925ஆம் ஆண்டு பர்மாவின் மொகொக் என்னும் ஊரில் பிறந்தார். எமக்கு இரத்தினபுரி எப்படியோ பர்மாக்காரருக்கு மொகொக் அப்படி. மாணிக்கக் கற்களுக்குப் பேர்போன மலையூர் அது. தந்தையும் ஒரு வைத்தியர். ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கே அரச சேவையில் இருந்தவர். மகன் பின்னர் இந்தியாவுக்கு வந்து லாகூரிலும், அதன்பின் லக்னோவின் கிங் ஜோர்ஜ் மருத்துவக் கல்லூரியிலும் கற்றார். வைத்தியராகி நோயாளரைப் பார்த்துப் பொருள் தேடும் வழி திறந்தே இருந்தது. அவரோ உடற்றொழிலியலைத் தெரிந்தெடுத்தார். உடம்பின் ஒவ்வோர் உறுப்பும் எப்படித் தொழிற்படுகிறது என்று ஆராயும் துறை அது.

1950களின் தொடக்கத்தில் ரொக்பெல்லர் புலமைப்பரிசில் பெற்று ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகருக்குச் சென்று, பேராசிரியர் டேவிட் விட்டரிட்ஜின் கீழ் ஆய்வு செய்தார். அவர் அங்கே எடுத்துக்கொண்ட வேலையை விளங்கிக்கொள்ள, நாம் பாடசாலையில் படித்ததைச் சற்று மீட்டிப் பார்க்க வேண்டும்.

மூச்சு விடுவதை நாம் நினைத்துச் செய்வதில்லை. தூக்கத்திலும் அது நடக்கிறது. மூளையின் அடிப்பகுதியிலே, முண்ணாணுக்குச் சற்று மேலே உள்ள நீள்வளைய மையவிழையத்தில் இருக்கும் நரம்புக்கலக் கூட்டங்கள் ஒன்றோடொன்று இணைந்து அந்தத் தாளத்தைப் போடுகின்றன. அத்தாளம் பிறக்கும் சின்னஞ்சிறு கூட்டமொன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 1991இல் அடையாளம் காட்டினார்கள். ஆனால் தாளம் போடுபவருக்குப் பாட்டின் வேகம் தெரிய வேண்டும் அல்லவா? நுரையீரல் எவ்வளவு விரிந்திருக்கிறது, இதயத்துக்கு எவ்வளவு குருதி வருகிறது என்ற செய்திகள் கீழிருந்து மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அச்செய்திகளிற் பெரும்பகுதியைச் சுமந்து செல்வது, கழுத்தின் இருபுறமும் இறங்கி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் கிளைவிடும் வேகசு நரம்பு. மூளையிலிருந்து கட்டளை கொண்டுவரும் நரம்பென்றே அதை நினைப்போம். உண்மையில் அதிலுள்ள நார்களுள் பெரும்பாலானவை மூளைக்குச் செய்தி கொண்டு போகிறவை.

நுரையீரல் விரிந்ததும் வேகசு நரம்பின் வழியே செய்தி சென்று உள்மூச்சு தானே நிற்கிறது என்பதை ஹெரிங், புரோயர் என்னும் இருவர் 1868இலேயே காட்டிவிட்டார்கள். ஒற்றை நரம்பு நாரில் ஓடும் மின் துடிப்பைப் பதிவு செய்யும் வித்தையை இங்கிலாந்தின் ஏட்ரியன் 1920களில் உலகுக்குக் கொடுத்தார். ஆனால் வேகசு நரம்பில் ஆயிரக்கணக்கான நார்கள் கயிறு போல் முறுகிக் கிடக்கின்றன. அவற்றுள் மிக மெல்லியவை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு அளவே பருமன் உள்ளவை. பருத்த நார்களில் செய்தி விநாடிக்குப் பத்துக் கணக்கான மீற்றர் தூரம் பாய்கிறது. இந்த மெல்லிய நார்களிலோ விநாடிக்குச் சுமார் ஒரு மீற்றர்தான், நாம் ஆறுதலாக நடந்து போகும் வேகம். அவற்றின் முணுமுணுப்பு மற்றவற்றின் இரைச்சலில் அமுங்கிப் போகும்.

பெயின்டால் அந்தக் கயிற்றை இழை இழையாகப் பிரித்தார். மயக்கமூட்டப்பட்ட பூனையின் வேகசு நரம்பைத் திறந்து, அது உலர்ந்துவிடாமல் திரவப் பரபினில் மூழ்க வைத்து, நுண்ணிய கருவிகளால் ஒற்றை நார் எஞ்சும்வரை கிழித்துப் பிரித்துப் பதிவெடுத்தார். கை நடுங்கினால் அன்றைய நாள் வேலை போயிற்று. அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. இதயத்தின் மேலறைகளிலே அவை நிரம்புவதை மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகளைப் பற்றி 1953இல் எழுதினார். இரைப்பை நிரம்பி விரிவதை அறிவிக்கும் முனைகளைப் பற்றி 1954இல் எழுதினார். போதும் என்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைக்கிறோமே, அதில் இம்முனைகளுக்கும் பங்கு இருக்கிறது.

தாயகம் திரும்பியவருக்குக் கான்பூரில், பாதுகாப்பு அமைச்சின் ஆய்வுகூடமொன்றில் பணி கிடைத்தது. 1955இல் அவர் வெளியிட்ட கட்டுரை நுரையீரலில் இருக்கும் புதியதொரு வகை நரம்பு முனையைப் பற்றியது. இரசாயனப் பொருளொன்றை இதயத்தின் வலப்பக்கத்துக்குப் போகும் குருதியிலே செலுத்தினால், ஓரிரு விநாடிகளில் அந்த மெல்லிய நார்கள் துடித்தன. அக்குறுகிய நேரத்தில் குருதி நுரையீரலைத் தாண்டிப் போயிருக்க முடியாது. ஆகவே அம்முனைகள் நுரையீரலின் மயிர்த்துளைக்குழாய்களுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்.

அவர் வாழ்க்கையில் நான் மிக மதிக்கும் இடம் இனி வருவதுதான். அந்த முனைகள் எதை உணர்கின்றன? நுரையீரல் பலமாகச் சுருங்கும்போது அவை துடித்ததைக் கண்டு, அவற்றுக்குச் சுருக்கத்தை உணரும் வாங்கிகள் என்று 1955இல் பெயரிட்டார். ஆண்டுகள் சென்றன. 1958இல் டில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்தில் பேராசிரியரானார். 1964இல் டில்லியிலேயே வல்லபாய் பட்டேல் நெஞ்சுநோய் நிறுவகத்தின் பணிப்பாளரானார். பெயரும் பதவியும் வந்த பின்னரும் தன் பழைய முடிவை அவர் விடாமல் சோதித்துக்கொண்டே இருந்தார். சாதாரண மூச்சில் நுரையீரல் அந்த அளவுக்குச் சுருங்குவதே இல்லை. அப்படியானால் இயற்கை எதற்காக அவற்றை அங்கே வைத்தது? குருதி தேங்கி, மயிர்த்துளைக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, சிற்றறைச் சுவரில் ஊறும்போதே அவை உண்மையில் கிளர்ந்தெழுகின்றன என்று கண்டார். 1969இல் தான் வைத்த பெயரைத் தானே எடுத்துவிட்டு, அவை இருக்கும் இடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தால் ஜே வாங்கிகள் என்று அழைத்தார். இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் படிப்பது அந்தத் திருத்திய பெயரைத்தான்.

ஜே வாங்கிகள் கிளர்ந்தால் மூச்சு ஒரு கணம் நின்று, பின்பு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஓடுகிறது. இதயத் துடிப்பு தணிகிறது. இவற்றை விட வியப்பான இன்னொன்றும் உண்டு. தேஷ்பாண்டே, தேவானந்தன் ஆகிய ஆய்வாளர்கள் இருவர் 1970இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வாங்கிகளின் செய்தி மூளை வழியாக முண்ணாணுக்கு இறங்கிக் கால் தசைகளின் தெறிவினையையும் அடக்குகிறது. ஏற்றத்தில் ஓடுகிறோம், நுரையீரலுக்குள் குருதி பெருகுகிறது, நீர் ஊறத் தொடங்குகிறது, மூச்சு முட்டுகிறது, கால் சோர்கிறது, நாம் உட்கார்ந்துவிடுகிறோம். நுரையீரல் நீரில் மூழ்குமுன் உடம்பைத் தடுத்து நிறுத்தும் காவல் இது என்பது பெயின்டாலின் கருத்து. ஒரே நரம்புச் சுற்று உணர்வையும் அசைவையும் மூச்சையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்று அவர் கண்டார்.

பூனையில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். முதிய வயதிலும் அவரும் அவருடைய துணைவியாரான ஆய்வாளர் அஷிமா ஆனந்தும் மற்றையோரும் சேர்ந்து மனிதரில் பரிசோதனை செய்தார்கள். லோபெலின் என்னும் மருந்தைச் சிறிதளவு ஏற்றி, தொண்டையிலும் நெஞ்சிலும் எழும் உணர்வையும் வறட்டு இருமலையும் பதிந்தார்கள். லண்டனில் ஆப்ரஹாம் கஸ் என்பவரின் குழுவினர் வேகசு நரம்பை மருந்தால் தற்காலிகமாக மரக்கச் செய்தபோது சில நோயாளரின் மூச்சுத் திணறல் தணிந்தது. மறுபக்கத்தில், வேறொருவரின் நுரையீரல் பொருத்தப்பட்டு அந்நரம்பே அறுபட்டுப் போனவர்களுக்கும் மூச்சு வாங்கத்தான் செய்கிறது. எனவே ஜே வாங்கிகள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அவை பல காரணங்களுள் ஒன்று.

1981இல் லண்டன் ரோயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தெரிவு செய்தது. 1986இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் தலைமைப் பதவியை ஏற்றார். பத்ம விபூஷண் விருதும் அவ்வாண்டு கிடைத்தது. அதே ஆண்டில் விஞ்ஞானத்தில் நேர்மையைப் பேணுவதற்கென ஒரு சங்கம் டில்லியில் தோன்றியபோது அதன் முதல் தலைவரும் அவரே. பிறர் ஆய்வைத் திருடுவோரையும் இல்லாத முடிவை எழுதுவோரையும் கேள்வி கேட்க முன்வந்த சங்கம் அது. பெரிய பதவியில் இருப்போர் பலர் தொடத் தயங்கும் வேலை. தன் முடிவையே பகிரங்கமாகத் திருத்தியவருக்கு அந்தத் துணிவு இருந்தது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் அவர் காலமானார்.

இனி, நான் சொல்வதாக வாக்களித்த காரணம்.

ஏழாம் வகுப்பில் எனக்குப் பரிசு கிடைத்தது. பரிசளிப்பு விழாவுக்கு மற்றப் பிள்ளைகளின் தாய்மார் எல்லோரும் வந்திருந்தார்கள். என் உம்மா வரவில்லை. வீட்டிலிருந்து புறப்பட்டவர் ஏற்றத்தின் முதல் வளைவில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. வீட்டிலும் அவருக்குச் சோம்பேறி என்றே பெயர். ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் இளைப்பார். இரவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி இருப்பார். அதைப் பாசாங்கு என்று சொன்னவர்களும் உண்டு. மூன்று வருடங்களின் பின் கண்டிப் பெரியாஸ்பத்திரியில், சிறு வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியிருக்கிறது, அதனால் நுரையீரலில் குருதி தேங்குகிறது என்று சொன்னார்கள். அதன்பின் அவர் அதிக காலம் இருக்கவில்லை.

பல வருடங்கள் கழித்து, பாடக் குறிப்புத் தயாரிக்க உட்கார்ந்த ஓர் இரவில் ஜே வாங்கிகளைப் பற்றிப் படித்தேன். நுரையீரலில் நீர் ஊறினால் மூச்சு முட்டும், கால் சோரும் என்ற வரியில் கண் நின்றது. உம்மா அந்தக் கல்லில் உட்கார்ந்தது மனம் இல்லாமல் அல்ல. வர வேண்டும் என்ற மனம் அவரை முதல் வளைவு வரை கொண்டுவந்திருந்தது. அதற்கு மேல் விடாமல் தடுத்தது அவருடைய நெஞ்சுக்குள்ளிருந்து போன செய்தி. பெயின்டால் 1955இலேயே அதைக் கேட்டிருந்தார். கேட்கத் தவறியவள் நான்.

அன்புச் சகோதரிகளே, உங்களில் பலர் இன்று தாய்மார், ஆசிரியைகள், தாதிகள், வைத்தியர்கள். ஏற்றத்தில் பின்தங்கி உட்காரும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை கூடுதலாக வேண்டும் என்று வீட்டில் யாராவது சொன்னால், வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். தொண்டை வலிக்குப் பின் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் கண்ட சிறுபிள்ளையை வீட்டு வைத்தியத்தோடு நிறுத்திவிடாதீர்கள். காலத்தோடு மருந்து கொடுத்தால் அந்த இதயத்தைக் காப்பாற்றலாம்.

நூற்றாண்டு விழாவுக்கு வரும்போது மெதுவாகவே ஏறி வாருங்கள். முதல் வளைவில் அந்தக் கல் இன்றும் இருக்கிறது. மூச்சு வாங்கினால் அதில் சற்று உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.