சொல்லைத் தேடி விடுதலை கண்ட பிரெடெரிக் டக்ளஸ்

ஆங்கிலத் தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்யும் நம் இளைஞர்தம் கைகளில் இன்று நீண்ட சொற்பட்டியல்களைக் காண்கிறோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்பை நாடுவோர் எழுதும் ஜி.ஆர்.இ. போன்ற தேர்வுகள் அருஞ்சொல் அறிவையும் அளந்து பார்க்கின்றன. இரவு பகலாக மனப்பாடம் செய்தும் சொல் வசப்படவில்லையே என்று சோர்ந்துபோவோர் நம்மிடையே பலர். அவர்கட்கு உறுதுணையாகும் பொருட்டு, பள்ளியும் ஆசிரியரும் மறுக்கப்பட்ட நிலையில் ஆங்கிலத்தைத் தம் வயப்படுத்திக்கொண்ட பெருமகனார் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகிறோம். அவர்தாம் பிரெடெரிக் டக்ளஸ்.

அமெரிக்க நாட்டின் மேரிலாந்து மாநிலத்தில் 1818-ஆம் ஆண்டு அவர் அடிமையாகப் பிறந்தார். தாம் பிறந்த நாளைக்கூட அறியும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. தாயார் ஹாரியட் பெய்லி வேறொரு பண்ணையில் உழைத்தமையால் மகனைக் கண்டது சில இரவுகளில் மட்டுமே. அவ்வட்டார அடிமைகளுள் தம் அன்னை ஒருவரே எழுத்தறிந்திருந்தார் என்னும் செய்தியை, அவர் மறைந்த பின்னரே மகன் கேட்டறிந்தார்.

1826-இல் பால்டிமோர் நகரிலிருந்த ஹ்யூ ஆல்ட் என்பவரின் இல்லத்துக்குச் சிறுவன் அனுப்பப்பட்டான். இல்லத்தலைவி சோபியா ஆல்ட் தொடக்கத்தில் பரிவுடன் எழுத்துகளையும் மூன்று நான்கெழுத்துச் சொற்களையும் கற்பித்தார். கணவர் அதனை அறிந்ததும் சினந்து தடுத்தார். படிப்பறிந்த அடிமை அடிமையாக நீடிக்க மாட்டான் என்பதே அவருடைய அச்சம். அச்சிறுவனோ அதிலிருந்து நேர்மாறான பாடத்தைக் கற்றுக்கொண்டான். ஆண்டான் எதனை இவ்வளவு அஞ்சி மறைக்கிறானோ, அதுவே விடுதலைக்கான வழி என்று தெளிந்தான்.

அன்று முதல் தெருவே அவனுக்குப் பள்ளியாயிற்று. வெப்ஸ்டரின் எழுத்துக்கூட்டல் நூலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். ஆல்ட் இல்லத்தில் ரொட்டிக்குப் பஞ்சமில்லை. அண்டையிலிருந்த ஏழை வெள்ளைச் சிறுவர்களோ பசித்திருந்தனர். அவர்களுக்கு ரொட்டித் துண்டுகளை ஈந்து பாடங்களைப் பெற்றான். கப்பல் கட்டும் தளத்தில் இடம், வலம், முன், பின் என்று பலகைகளின் இடத்தைக் குறிக்கத் தச்சர்கள் இட்ட எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினான். தன்னைவிட நன்றாக எழுதிக் காட்டுமாறு பிற சிறுவர்களைப் போட்டிக்கு அழைத்து, அவர்கள் எழுதியவற்றையும் கற்றுக்கொண்டான். வேலியும் செங்கற்சுவரும் நடைபாதையும் அவனுக்கு ஏடுகள், சுண்ணக்கட்டியே எழுதுகோல்.

இனி நாம் சொல்லப்போகும் நிகழ்ச்சியை, சொற்பட்டியலோடு போராடும் இளைஞர்கள் ஊன்றி நோக்க வேண்டும். 'அபாலிஷன்' என்னும் சொல் அவன் காதில் அடிக்கடி விழுந்தது. ஓர் அடிமை தப்பியோடினாலும், களஞ்சியம் ஒன்று தீப்பற்றினாலும், ஆண்டான்மார் அச்சொல்லையே பழித்தனர். ஆகவே தன்னைப் போன்றோர்க்கும் அச்சொல்லுக்கும் ஏதோ தொடர்புண்டு என்று சிறுவன் ஊகித்தான். அகராதியைப் புரட்டினான். ஒழிக்கும் செயல் என்ற பொருள் மட்டுமே அங்கிருந்தது. எதனை ஒழிப்பது என்பதை அகராதி கூறவில்லை. எவரையும் வினவவும் அச்சம். ஒரு நாள் செய்தித்தாளில், அடிமை முறையை ஒழிக்குமாறு வட மாநில மக்கள் விடுத்த விண்ணப்பங்களைப் பற்றிப் படித்தான். அக்கணமே அச்சொல் விளங்கிற்று. அதன்பின் அச்சொல் எங்கு ஒலித்தாலும் செவிசாய்த்தான்.

காதில் விழுந்த சூழல், அகராதி காட்டிய பொருள், வாக்கியத்தில் கண்ட ஆட்சி ஆகிய மூன்றும் கூடியபோதுதான் ஒரு சொல் அவனுடையதாயிற்று. பட்டியல் நமக்குத் தருவது இவற்றுள் நடுவிலுள்ள ஒன்றை மட்டுமே என்பதை உணர்தல் வேண்டும்.

காலணிகளுக்கு மெருகிட்டுச் சேர்த்த 50 சென்ட் காசில், ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில், 'கொலம்பியன் ஆரேட்டர்' என்னும் சொற்பொழிவுத் தொகுப்பை வாங்கினான். அதில் ஓர் ஆண்டானும் அடிமையும் வாதிடும் உரையாடல் உண்டு. அடிமையின் வாதமே வெல்கிறது. தன் உள்ளத்தில் தோன்றி உருப்பெறாமல் மறைந்த எண்ணங்களுக்குரிய சொற்களை அந்நூலில் அவன் கண்டெடுத்தான்.

பின்னர்ப் பண்ணையில் உழன்ற நாளிலும் நாற்பதுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு ஞாயிறுதோறும் மறைவாக எழுத்தறிவித்தார். 1838 செப்டம்பர் 3-இல் தப்பி வட மாநிலம் அடைந்தார். டக்ளஸ் என்னும் பெயரையும் அங்கேதான் ஏற்றார். 1841-இல் மேடையேறிய அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டோர், இத்துணை உயர்ந்த மொழி பேசுபவர் அடிமையாக இருந்திருக்க முடியாது என்று ஐயுற்றனர். நண்பர் சிலரோ பண்ணைப் பேச்சைச் சிறிது கலந்து பேசுமாறு அறிவுறுத்தினர். அவர் இணங்கவில்லை. 1845-இல் ஆண்டான்மாரின் பெயர்களையும் ஊர்களையும் வெளிப்படையாகக் குறித்துத் தம் வரலாற்றை வெளியிட்டார். மீண்டும் பிடிபடும் ஆபத்து நேரவே கடல் கடந்தார். பிரிட்டானிய நண்பர்கள் பொருள் திரட்டி 1846-இல் அவரது விடுதலையை வாங்கினர். 1847-இல் ராச்செஸ்டர் நகரில் 'நார்த் ஸ்டார்' இதழைத் தொடங்கினார். 1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அவ்வொழிப்புக்காக அமெரிக்க மக்களைப் போற்றியே மகாத்மா ஜோதிராவ் புலே 1873-இல் தம் 'குலாம்கிரி' நூலைக் காணிக்கையாக்கினார் என்பதை நாம் மறத்தலாகாது.

டக்ளஸ் முதுமையெய்திய காலத்தில் வேறொரு தேர்வு முளைத்தது. 1890-இல் மிசிசிப்பி மாநிலம், அரசியலமைப்பின் பகுதியைப் படிக்கவோ பொருள் கூறவோ இயன்றவர்க்கே வாக்குரிமை என விதித்தது. விடை சரியா தவறா என்பது பதிவு அலுவலரின் விருப்பம். கறுப்பின மக்களை விலக்குவதற்கென்றே அமைந்த தேர்வு அது. 1895 பிப்ரவரி 20-இல் டக்ளஸ் மறைந்தபோதும் அது நின்று நிலவியது. 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டமே அதனை முடக்கியது.

இன்று நம் இளைஞர் எழுதும் பொதுத் தேர்வில் அவ்வாறான அலுவலர் எதிரே அமர்ந்திருப்பதில்லை. ஆயினும் வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தோர்க்கும் கேளாது வளர்ந்தோர்க்கும் ஒரே வினாத்தாள்தான். அவ்விடைவெளியை மனப்பாடம் ஒன்றினால் கடத்தல் அரிது. ஜி.ஆர்.இ. தேர்வே 2011-இல் எதிர்ச்சொல் வினாக்களைக் கைவிட்டு, வாக்கியத்தில் சொல்லைப் பொருத்தும் வினாக்களைக் கொண்டது. டக்ளஸ் சென்ற வழியும் அதுவே அன்றோ!

இளைஞர்களே! நாள்தோறும் செய்தித்தாளில் சில பத்திகளையேனும் படியுங்கள். புதிய சொல்லைக் கண்டால் முதலில் ஊகியுங்கள்; அடுத்து அகராதியை நாடுங்கள்; பிறகு வேறு வாக்கியத்தில் அது வரும்வரை விழிப்புடன் காத்திருங்கள். கற்ற சொல்லை எழுதிப் பாருங்கள்; கூசாமல் மேடையில் பேசுங்கள்; மாலை வேளையில் இளையோர்க்குக் கற்பியுங்கள். தேர்வு ஒரு காலையில் முடிந்துவிடும். நம்மை ஐயுறுவோர் முன் நம் வரலாற்றை நாமே எடுத்துரைக்கும் கடமையோ வாழ்நாள் முழுதும் உண்டு. சேர்க்கும் சொற்கள் யாவும் அப்பணிக்கும் உதவுமாறு கற்போமாக.